அசையாத கால்களும் அயராத வாழ்வும்

மனிதனுடைய முதுகெலும்பின் உள்ளே காப்பாகப் பொதிந்து கிடக்கும் தண்டுவடம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமுடையது. பருமனில் ஒரு சுண்டுவிரலுக்கு மேற்படாதது. மூளை இடுகின்ற கட்டளை கால்களைச் சென்றடைவதும், கால்கள் உணர்ந்த சூடும் வலியும் மூளைக்கு வந்து சேர்வதும் அந்த ஒரே வழியில்தான். அவ்வழியின் இடையில் ஏதேனும் ஓரிடத்தில் அழற்சி தோன்றிக் குறுக்கே பரவிவிட்டால், அதற்குக் கீழுள்ள உடம்பு தலைமை இழந்த படைபோல் ஆகிவிடுகின்றது. இதனையே மருத்துவர்கள் தண்டுவடக் குறுக்கழற்சி என்கின்றனர். இது அரிய நோய். பத்து இலட்சம் மக்களுள் ஆண்டொன்றுக்கு ஒருவர் முதல் எட்டுப் பேர் வரையே இதற்கு ஆளாகின்றனர். நோய் முற்றுவதற்குச் சில மணி நேரமே போதும். மிஞ்சினால் மூன்று வாரம். ஆனால் அதன் பின்னர் அம்மனிதர் வாழ வேண்டியதோ முப்பது, நாற்பது ஆண்டுகள். சில நாளில் வந்து போன நோயைக் காட்டிலும், பல்லாண்டுகள் தொடரும் அவ்வாழ்க்கையின் வரலாறே நாம் அறிய வேண்டியது. அவ்வரலாற்றின் இந்தியப் பகுதியில் பெரிய அத்தியாயம் ஒன்று, தமிழும் தெலுங்கும் கைகோத்து வழங்கும் வேலூர், சித்தூர், திருப்பதி ஆகிய ஊர்களைச் சுற்றி எழுதப்பட்டிருக்கின்றது.

இந்நோயின் முதற் குறியை அந்நாட்டு மக்கள் தம் சொல்லாலேயே சரியாகக் குறித்து வைத்திருக்கின்றனர். உணர்வு மரத்துப்போவதைத் தமிழில் 'திமிர்' என்கிறோம். தெலுங்கில் 'திம்மிரி' என்கின்றனர். 'திமிர்வாதம்' என்னும் பழஞ்சொல் இதிலிருந்து வந்ததே. தமிழர் 'பக்கவாதம்' என்பதைத் தெலுங்கர் 'பட்சவாதம்' என்பர். சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்து உழவர் ஒருவர் மருத்துவர்முன் அமர்ந்து, இரு மொழியும் கலந்து தம் காலின் நிலையைச் சொன்னாலும் பொருள் மயக்கம் நேராது. ஆயினும் பக்கவாதம் வேறு, நாம் பேசும் நோய் வேறு. பக்கவாதத்தின் வேர் மூளையில் உள்ளது. அது உடம்பின் ஒரு பாதியைப் பிடிக்கும். தண்டுவட அழற்சி பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே இரு கால்களையும் ஒருங்கே வீழ்த்திவிடும். சிறுநீரை அடக்கும் ஆற்றலையும் கழிக்கும் ஆற்றலையும் கூடவே கொண்டுபோய்விடும். இந்த இரண்டாவது இழப்பைப் பற்றி வெளியில் எவரும் பேசுவதில்லை. உயிருக்கு உலை வைப்பதோ பெரும்பாலும் அதுவே.

தண்டுவடம் கெட்டவரை மருத்துவ உலகம் நெடுங்காலம் கைவிட்டே வந்தது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் படியெடுக்கப்பட்ட மருத்துவச் சுவடி ஒன்று, கழுத்தெலும்பு விலகிக் கைகால் அசைவற்றுப் போனவர் நிலையைத் துல்லியமாக வருணித்துவிட்டு, இது மருத்துவம் செய்யத் தகாத நோய் என்று முடிவு கூறுகின்றது. அம்முடிவு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறக்குறைய மாறவில்லை என்று சொன்னால் மிகையாகாது. முதல் உலகப் போரில் முதுகில் குண்டு பாய்ந்த வீரர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மாண்டனர். அவர்களைக் கொன்றவை படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப் பையில் தொடங்கிச் சிறுநீரகத்தை எட்டிய சீழ் நோயுமே. இரண்டும் தடுக்கக் கூடியவை. ஆனால் தடுக்க முடியும் என்ற எண்ணமே அப்போது இல்லை.

நம் நாட்டிலோ கால் இழந்தவரைக் காக்கும் பொறுப்பு முழுவதும் வீட்டாருடையதாகவே இருந்தது. நம் இலக்கிய வரலாறு ஓர் அழகிய விதிவிலக்கைப் போற்றி வைத்திருக்கின்றது. இரட்டைப்புலவர் என்று பெயர் பெற்ற இளஞ்சூரியர், முதுசூரியர் ஆகிய இருவருள் ஒருவர் கண்ணற்றவர், மற்றவர் காலற்றவர். கண்ணற்றவர் தோளில் காலற்றவர் அமர்ந்து வழி காட்ட, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பது மரபு. தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் பெயரால் இன்றும் நிற்கின்றன. ஆனால் அத்தகைய தோள் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. திருமலைக்குச் செல்ல முதல் மலைப்பாதை 1944-இல் திறக்கப்படும் வரை, நடக்க இயலாதார் டோலியில் சுமக்கப்பட்டே வேங்கடவனைக் காண முடிந்தது. டோலிக்குக் கூலி கொடுக்க இயலாதவர்கள் அடிவாரத்திலிருந்தே கைகூப்பித் திரும்பினர்.

இந்நோய் எதனால் வருகின்றது? நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழி தவறி, நரம்பின் மேலுறையைப் பகையென்று எண்ணித் தாக்குவதே பெரும்பாலான காரணம். ஒரு காய்ச்சலுக்குப் பின்னர் இவ்வாறு நிகழ்வதுண்டு. தென்னாட்டில் இதற்கு வேறொரு காரணமும் முன்னர் இருந்தது. வெறிநாய் கடித்தவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலத்தை முதியோர் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். டேவிட் செம்பிள் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் 1911-இல் கசௌலியில் ஆக்கிய முறைப்படி, ஆட்டின் மூளையிலிருந்து அம்மருந்து செய்யப்பட்டது. 1907-இல் நிறுவப்பெற்ற குன்னூர்ப் பாஸ்டர் நிலையமும் தென்னாட்டுக்காக அதனைத் தயாரித்தது. அம்மருந்து எண்ணற்றோர் உயிரைக் காத்தது. ஆனால் அதில் கலந்திருந்த ஆட்டு நரம்பைக் கண்ட மனித உடம்பு, அதனையும் தன் நரம்பையும் வேறுபடுத்தி அறியாமல் இரண்டையும் ஒருங்கே தாக்கியது. அவ்வாறு சிலர் கால் இழந்தனர். சிலர் உயிரையும் இழந்தனர். நாய்க்கடிக்குத் தப்பி ஊசியால் முடங்கியவர் ஆங்காங்கே இருந்தனர். நரம்புத் திசு கலவாத புதிய தடுப்பூசிகள் பரவிய பின்னர், பழைய மருந்தை 2005-ஆம் ஆண்டையொட்டி இந்தியா முற்றிலும் கைவிட்டது. இன்று நாய்க்கடிக்குக் கையில் போடப்படும் ஊசிக்கு அவ்வச்சம் வேண்டியதில்லை. அதனைப் போட்டுக்கொள்ளாமல் இருப்பதே அச்சத்துக்குரியது.

நோய் வந்தபின் நேர்வது என்ன? மூன்றில் ஒரு பங்கினர் நன்கு தேறி எழுகின்றனர். மற்றொரு பங்கினர் ஓரளவு குறையோடு நடமாடுகின்றனர். எஞ்சிய பங்கினர்க்குக் கால்கள் திரும்பி வருவதில்லை. முதல் நாட்களில் செலுத்தப்படும் ஸ்டீராய்டு மருந்தும், குருதி நீரை மாற்றும் முறையும் இன்று பலரைக் காக்கின்றன. இவ்வழற்சியில் ஒரு வகை கண் நரம்பையும் சேர்த்துத் தாக்குவது. அதனை இரத்தச் சோதனையாலேயே அறியும் வழி 2004-இல் கண்டறியப்பட்டது. அந்நோய் மீண்டும் மீண்டும் வருவதைத் தடுக்க மருந்தும் கிடைத்திருக்கின்றது. எனினும் அந்த மூன்றாம் பங்கினர் இன்றும் இருக்கின்றனர். அவர்களுக்கு மருத்துவம் என்ன தந்தது என்பதே இவ்வரலாற்றின் நடு நாடி.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரில் 1944 பிப்ரவரி முதல் நாளன்று, லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதர் அவர். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீரைத் தேங்கவிடாமல் தூய முறையில் எடுக்க வேண்டும். கைகளுக்கு வலுவூட்டிச் சக்கர நாற்காலியில் அமர்த்த வேண்டும். ஒரு தொழில் கற்பிக்க வேண்டும். அவர் வகுத்த நெறி இவ்வளவுதான். இதனால் பிழைக்கமாட்டார் எனக் கருதப்பட்டவர்கள் பிழைத்தனர். 1948 ஜூலை 29-ஆம் நாள், சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேர் அங்கே வில்வித்தைப் போட்டி நடத்தினர். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகளின் வித்து அதுவே.

அந்த அறிவு நம் நாட்டை வந்தடைந்த வழியில் வேலூர் நிற்கின்றது. வேலூருக்கும் சித்தூருக்கும் உள்ள உறவு பழையது. 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைமையிடம் சித்தூரே. அவ்வாண்டில் சித்தூர் தனி ஜில்லா ஆன பின்னரே வேலூர் அப்பெருமையைப் பெற்றது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனைச் சார்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறியது. எல்லைக்கோடு இவ்வாறு இங்குமங்கும் நகர்ந்தபோதிலும், காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியே திருப்பதி செல்லும் இருப்புப்பாதையில் நோயாளிகளின் போக்குவரத்து நிற்கவில்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949-இல் நரம்பியல் துறையைத் தொடங்கி, இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவர் என்ற புகழைப் பெற்றார். தண்டுவட நோய் இன்னதென்று அறுதியிட்டுச் சொல்ல வல்ல ஓரிடம் இவ்வாறு இப்பகுதியில் அமைந்தது. ஆனால் நோயை அறிந்து சொன்னபின் அந்நோயாளி எங்கே போவது? அதற்கு விடை சொன்னவர், தாமே அந்நிலைக்கு ஆளான ஒரு பெண்மணி.

கொச்சியில் 1925-இல் பிறந்து, அக்கல்லூரியிலேயே பயின்று மருத்துவரானவர் மேரி வர்கீஸ். 1954 ஜனவரி 30-ஆம் நாள் நேர்ந்த வாகன விபத்தில் அவருடைய தண்டுவடம் சிதைந்தது. இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் அற்றன. அவருக்கு வந்தது நோயன்று, விபத்து என்பது உண்மையே. ஆனால் அழற்சியால் கெட்டாலும் அடியால் கெட்டாலும் தண்டுவடம் கெட்டபின் வாழும் வாழ்க்கை ஒன்றே. படுக்கைப் புண் காரணம் கேட்டு வருவதில்லை. அக்கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தும் கலையை வளர்த்து வந்தவர் பால் பிராண்ட். கால் போனாலும் கை போகவில்லையே என்று அவர் தந்த ஊக்கத்தால், மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அவ்வறுவைகளைச் செய்தார். நோயாளியும் மருத்துவரும் ஆக இருவருமே உடற்குறை உடையோர் என்ற காட்சியை மருத்துவ உலகம் அதுவரை பெரிதும் கண்டதில்லை.

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும், நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிறுவனத்திலும் மறுவாழ்வு மருத்துவத்தைப் பயின்றார். தாயகம் திரும்பி 1963-இல் வேலூரில் அத்துறைக்குத் தலைவரானார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் எழுந்தது. அவ்வகையில் நம் நாட்டின் முதல் நிலையம் அதுவே. 1972-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 1986-இல் அவர் மறைந்தார். விபத்துக்குப் பின் அவர் வாழ்ந்தது முப்பத்திரண்டு ஆண்டுகள். முதல் உலகப் போரின் வீரர் வாழ்ந்த வாரங்களோடு இதனை ஒப்பிட்டால், இடைக்காலத்தில் மனித அறிவு கடந்த தொலைவு விளங்கும்.

வேலூரில் கற்ற பாடத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வதே அடுத்த சிக்கல். நியூயார்க்கில் ஒருவர் வீடு திரும்பினால் அங்கே மின்தூக்கி இருக்கும். சித்தூர்ப் பக்கத்தில் வீடு திரும்புபவர்க்கு எதிரே இருப்பவை உயர்ந்த வாசற்படி, குறுகிய கதவு, தோட்டத்து மூலையில் குந்தி அமரும் கழிப்பிடம். ஆதலால் கிராமத்து வாழ்க்கைக்கேற்ற பயிற்சி வேண்டியதாயிற்று. வாசற்படியின் ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்ற கணக்கில் சரிவு கட்டினால், நாற்காலி எளிதாக ஏறும். அமர்ந்திருக்கும்போது கால் மணிக்கு அல்லது அரை மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பை இருக்கையிலிருந்து தூக்க வேண்டும். உணர்வற்ற கால் சுடுவதை அறியாது. கோடை வெயிலில் காய்ந்த தரையும், அடுப்பருகே வைத்த பாத்திரமும் கொப்புளம் எழுந்த பின்னரே தெரிய வரும். ஆகையால் நாள்தோறும் உறங்கப் போகுமுன் ஒரு கண்ணாடியைக் கொண்டு பின்புறத் தோலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவந்த ஓரிடம் தென்பட்டால், அந்நிறம் மாறும் வரை அதன்மேல் பாரம் விழலாகாது.

சிறுநீர்ச் சிக்கலுக்கு 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் ஒரு விடை கண்டார். நான்கு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை, சோப்பிட்டுக் கழுவிய கையாலேயே சிறு குழாய் ஒன்றைச் செலுத்தி நோயாளியே சிறுநீரை வெளியேற்றிக்கொள்ளலாம் என்று அவர் நிறுவினார். மருத்துவமனையின் கிருமியற்ற கையுறைகள் இல்லாமலே இது கூடும் என்பதை அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. நாளடைவில் உலகமே ஏற்றுக்கொண்டது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாத இந்த எளிய முறை, சிறுநீரகம் கெட்டு மாண்டிருக்கக் கூடியவர் பலருக்கு நீண்ட ஆயுளைத் தந்தது. ஏழை நாட்டுக்கு இதனினும் ஏற்ற கண்டுபிடிப்பு அரிது.

திருப்பதியிலும் காலம் சும்மா இருக்கவில்லை. 1960-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி அங்கே தொடங்கப்பட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1985-இல் நிறுவிய, 'பர்ட்' என்று சுருக்கமாக வழங்கும் மருத்துவமனை, எலும்பும் நரம்பும் தசையும் குன்றியோர்க்கென்றே ஏற்பட்டது. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகளை நிமிர்த்தி நடக்கவைக்கும் பணியை அது பெருமளவில் மேற்கொண்டது. அதே தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993-இல் திறக்கப்பட்ட 'ஸ்விம்ஸ்' என்னும் உயர் மருத்துவ நிலையம் பின்னர்ப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. பக்தர்கள் உண்டியலில் இட்ட காணிக்கை ஒருவருக்குக் காலிப்பராகவும் மற்றொருவருக்குச் சக்கர நாற்காலியாகவும் உருமாறுவதை இங்கே காணலாம். மலைமேலும் நடக்க இயலாதார்க்குத் தனி வரிசை உண்டு. டோலிக் காலத்தின் ஏக்கம் ஒருவாறு தீர்ந்தது.

இவ்வளவும் இருந்தும் எஞ்சிய குறை ஒன்று உண்டு. மருத்துவமனையில் பிழைத்தவர் வீட்டில் மாள்வது இன்னும் முற்றிலும் நிற்கவில்லை. புண்ணும் சிறுநீர்ச் சீழும் அதே பழைய பகைவராக வீட்டு வாசலில் காத்திருக்கின்றன. இதனை அறிந்தே வேலூர் நிலையத்தார் வீடு தேடிச் சென்று பார்ப்பதையும், பழைய நோயாளிகளை ஆண்டுதோறும் திரும்ப வரவழைத்து 'ரீஹாப் மேளா' என்ற பெயரில் ஒரு திருவிழாவே நடத்துவதையும் வழக்கமாகக் கொண்டனர். அங்கே விளையாட்டும் உண்டு, உடற்சோதனையும் உண்டு. பல்லாண்டுகளாகச் சக்கர நாற்காலியில் வாழ்பவர், அண்மையில் கால் இழந்தவர் எதிரே வந்து அமர்வதைவிட நல்ல மருந்து வேறு எதுவும் இருத்தல் அரிது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வரலாறு ஏன் வேண்டும்? பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் பணிபுரியும் தமிழர் பலருக்கு, வேலூர்ப் பக்கத்திலோ சித்தூர்ப் பக்கத்திலோ பெற்றோரும் உடன்பிறந்தாரும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் இவ்வாறு முடங்கினால், நாம் முதலில் அனுப்புவது பணம். வங்கி வழியே அது நொடியில் போய்ச் சேரும். நள்ளிரவில் புரட்டிப் படுக்கவைக்கும் கை அதனோடு போய்ச் சேராது. அக்கை பெரும்பாலும் தாயுடையதாகவோ மனைவியுடையதாகவோ இருக்கின்றது. இரவு பகலாக இரண்டு மணிக்கு ஒருமுறை எழும் அவருக்கும் முதுகு வலிக்கும், உறக்கம் கெடும், உள்ளம் சோரும். ஆதலால் விடுமுறைக்கு ஊர் செல்பவர் பழங்கூடையோடு சென்று நலம் விசாரித்துத் திரும்பினால் போதாது. இருக்கும் நாட்களில் அவ்வேலையை முறையாகக் கற்றுக்கொண்டு, பார்த்துக்கொள்பவரைச் சில இரவுகளேனும் உறங்கவிட வேண்டும். மறுவாழ்வு நிலையங்கள் வீட்டாருக்கும் பயிற்சி தருவது இதற்காகவே.

சட்டமும் துணை நிற்கின்றது. 1995-இல் வந்த சட்டத்தை விரிவாக்கி 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக்கிற்று. நாட்பட்ட நரம்பு நோய்களும் அதில் இடம்பெற்றன. மைய அரசுப் பணிகளில் நூற்றுக்கு நான்கு இடங்கள் இச்சட்டத்தால் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆந்திர அரசு 2024 ஜூலையில், படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முற்றிலும் முடங்கியோர்க்குரிய மாத உதவித்தொகையை 15,000 ரூபாயாக உயர்த்தியது. இவற்றைப் பெறச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் பெற அலைந்து திரியக் கால் வேண்டும். அந்த அலைச்சலை ஏற்றுக்கொள்வது, படித்த உறவினர் செய்யக்கூடிய மற்றோர் உதவி.

நேயர்கள் மறவாதிருக்க வேண்டிய ஒன்று உண்டு. கால்கள் மரத்துப்போய் ஓரிரு நாளில் வலுவிழந்தாலோ, சிறுநீர் திடீரென்று தடைப்பட்டாலோ, அது வெறும் வாயுப்பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக் காலம் கடத்தலாகாது. 2025 தொடக்கத்தில் புனே நகரில் இருநூற்றுக்கு மேற்பட்டோரைத் தாக்கிய கியான்-பாரே என்னும் நரம்பு நோயும் இவ்வாறே கால்களில் தொடங்கியது. அன்றே நரம்பியல் பிரிவுள்ள மருத்துவமனையை அடைந்தால், திரும்பி நடக்கும் வாய்ப்புப் பெருகும்.

அவ்வாறு அடைந்தும் கால்கள் திரும்பாவிட்டால், அதனோடு கதை முடிந்துவிட்டதென்று எவரும் எண்ண வேண்டியதில்லை. எகிப்தியச் சுவடி சொன்ன தீர்ப்பை வேலூரில் ஒரு பெண்மணி நாற்காலியில் இருந்தபடியே மாற்றி எழுதினார். அத்தீர்ப்பு சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் நடைமுறைக்கு வருவதற்கு வேண்டியவை அரிய மருந்துகளல்ல. வாசற்படியில் ஒரு சரிவு, கழுவிய கை, கடிகாரம் பார்த்துப் புரட்டும் பொறுமை, அப்பொறுமைக்கு ஓய்வு தரும் மற்றொரு கை ஆகிய இவையே வேண்டும்.